தைராய்டு மாத்திரையோடு மனநல சிகிச்சையும் எதற்கு?

தைராய்டுக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் அநேகமாக இதே கதையைத்தான் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு சரியாக இருக்கிறது, டாக்டரும் "இதே டோஸையே சாப்பிடுங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஆனால் காலையில் எழுந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, சின்ன விஷயத்துக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வீட்டில் சொன்னால், "மாத்தரதான் தின்னுட்டு இருக்கறயே கண்ணு, அப்பறமும் என்ன மேலுக்கு முடியல?" என்று மாமியார் கேட்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் திரும்பப் போய்ச் சொன்னால், "ரிப்போர்ட் நார்மலா இருக்குதும்மா" என்கிறார்.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனநல சிகிச்சை, முக்கியமாகப் பேச்சுச் சிகிச்சை, என்று ஒன்று இருக்கிறது, அது இவர்களுக்கு உதவும், அதற்குப் போவதால் யாரும் "பைத்தியம்" ஆகிவிடுவதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்றால் அந்த ஹார்மோன் அளவு சரியாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த மனுஷி சரியாகிவிட்டாளா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநல சிகிச்சைக்குப் போகச் சொன்னால், "அப்ப என்ற சீக்கு பொய்ங்கறீங்களா, எல்லாம் என் நெனப்புதானா?" என்று பலர் மனசு உடைந்துபோகிறார்கள். அப்படி இல்லவே இல்லை. சர்க்கரை நோயாளிக்கும், மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கும், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கும் இதே சிகிச்சை கொடுக்கிறார்கள். அவர்களுடைய நோயை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

முதலில் ரத்தம், அப்புறம்தான் மனசு

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குக் கீழே இருக்கிற சின்னச் சுரப்பி. டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அந்த உத்தரவுதான் டி.எஸ்.எச். தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டும், அதனால்தான் தைராய்டு குறையும்போது டி.எஸ்.எச். ஏறுகிறது. இந்த ஹார்மோன் மூளைக்கும் வேண்டும். ரத்தத்தில் வரும் டி4-ஐ மூளை தனக்குள்ளேயே டி3-ஆக மாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறது. அது குறைந்தால் யோசனை மெதுவாகும், ஞாபகம் தடுமாறும், மனசு சோர்ந்துபோகும். அதிகமானால் நேரெதிர்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், என்னவோ நடக்கப்போகிறது என்று உள்ளே ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1949-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், தைராய்டு மிகவும் குறைந்துபோனதால் புத்தி பேதலித்தவர்களாகக் கருதப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலானவர்கள் தேறினார்கள். அவ்வளவு தூரம் போகிறவர்கள் இன்றைக்கு ரொம்ப அபூர்வம், ஆனாலும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அப்படியே இருக்கிறது. புதிதாக மனச்சோர்வோ பதற்றமோ வந்தவருக்குத் தைராய்டு பரிசோதனை செய்யாமல் வெறும் பேச்சுச் சிகிச்சையை மட்டும் ஆரம்பிப்பது தவறு. குறிப்பாகப் பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் இருக்கிற பெண்களுக்கு. பிள்ளை பெற்ற உடம்பில் தைராய்டு முதலில் ஏறி அப்புறம் இறங்குவது உண்டு, பார்ப்பதற்கு அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மாதிரியேதான் இருக்கும், சில பேருக்கு இரண்டும் சேர்ந்தும் வரும். "பச்சை உடம்புக்காரி அப்பிடித்தான் இருப்பா" என்று விட்டுவிடாமல் ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிட்டால் தெரிந்துபோகும்.

மாத்திரை ஆரம்பித்த உடனே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. லீவோதைராக்சின், அதாவது எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று மருந்துக் கடையில் வாங்குகிறோமே அது, உடம்பில் நிதானமாகத்தான் சேரும், நிதானமாகத்தான் கரையும். அதனால்தான் டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். அளவு சரியாகி அதற்கப்புறமும் மனசு தெளிய இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கலாம்.

அந்த நாளும் கழிந்த பிறகும் சோர்வு போகவில்லை என்றால் இன்னும் சிலதைப் பார்க்க வேண்டும். ரத்தசோகை, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, மாதவிலக்கு நிற்கும் வயது, இவையெல்லாமும் இதே மாதிரி களைப்பைத் தரும். நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனையும் பார்த்து, இருப்பதைச் சரி செய்து, அப்புறமும் மிச்சம் இருக்கிறதே ஒரு பாரம், அதற்குத்தான் மனநல சிகிச்சை. சோர்வோ பயமோ தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் காத்திருக்கவும் வேண்டாம், ஹார்மோனைச் சரி செய்யும்போதே கூடவே ஆரம்பித்துவிடலாம்.

அளவு சரியான பிறகும் ஏன் இந்த வெசனம்

பெரும்பாலோருக்குத் தைராய்டு குறைவதற்குக் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சுரப்பியையே தாக்குவது. ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-ல் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே ஹஷிமோட்டோ நோய் என்கிறார்கள். இது வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மாத்திரைதான். முப்பது வயதுப் பெண்ணிடம் "இனி வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும்" என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவள் அதை உள்ளே வாங்கிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகிறது. நேற்று வரை நன்றாக இருந்த உடம்பை இழந்த துக்கம் அது, துக்கம் என்று பெயர் சொல்லி யாரும் விசாரிக்க வராத துக்கம்.

இதோடு எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, முகம் ஊதிப்போகிறது. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் என்றால் "தைராய்டு இருக்குதுன்னு வெளிய சொல்லாத" என்று வீட்டிலேயே வாயை அடைப்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் குழந்தை இல்லை என்றால் பழி நேராக அந்தத் தைராய்டு மேல்தான் விழும். தைராய்டு சரியான அளவில் இருந்தால் குழந்தை பெறுவதற்கு அது தடையில்லை, கர்ப்பமானதும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சீர் வீட்டில், கோயில் நோம்பியில், யார் யாரோ கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத் தழும்பு, தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கண் பிதுங்கியவர்களுக்குக் கண்ணாடி முன் நிற்பதே வேதனை, தைராய்டு புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் தூக்கம் போய்விடும்.

இது யாரோ நாலு பேருக்கு வரும் நோயும் இல்லை. இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது வழக்கம். கிணற்று மோட்டார் மூன்று மாதம் ரிப்பேராகிக் கிடந்தால் வாய்க்கால் முழுக்கப் புல் மண்டிவிடும். மோட்டாரைச் சரி செய்தால் தண்ணீர் வரும், ஆனால் வாய்க்காலைச் செதுக்கி விட்டால்தான் கடைசிப் பாத்தி வரைக்கும் பாயும். மாத்திரை மோட்டாரைச் சரி செய்கிறது. சோர்ந்து கிடந்த காலத்தில் விட்டுப்போன பழக்கங்கள், அறுந்துபோன பேச்சுவார்த்தை, உள்ளே ஊறிப்போன பயம், இதெல்லாம் மாத்திரையால் திரும்பி வராது.

அங்கே போனால் என்னதான் செய்வார்கள்

பலரும் நினைப்பது, நாம் அழுவோம், அவர்கள் ஆறுதல் சொல்வார்கள், அல்லது "நல்லதையே நெனைங்க, யோகா பண்ணுங்க" என்று புத்தி சொல்லி அனுப்புவார்கள் என்று. ஒழுங்காகப் படித்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். பொதுவாக வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். பெரும்பாலும் 6 முதல் 20 முறைக்குள் முடிந்துவிடும் வேலை இது, வருடக்கணக்கில் இழுக்காது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விதான்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், என்ன வேலை, என்ன மாத்திரை, சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். உண்மையைச் சொல்லுங்கள்.

அதிகம் பயன்படுவது சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை. அமெரிக்காவின் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கியது. நடக்கிற ஒரு விஷயம், அதைப் பற்றி மனதில் ஓடும் எண்ணம், அதனால் வரும் உணர்ச்சி, அதன் பிறகு நாம் செய்யும் செயல், இந்த நாலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றுகின்றன. சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் இதன் வேலை.

எடுத்துக்காட்டாக, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம், முப்பத்தைந்து வயது, பீஸ் ரேட் சம்பளம், தைராய்டு அளவு இப்போது சரி. அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் உடம்பு தெம்பாக இருக்கிறது. அந்த இரண்டு நாளில் விட்டுப்போன எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்று ஓவர்டைம் பார்க்கிறார், வந்து வீட்டைக் கழுவுகிறார், ஒரு வாரத் துணியைத் துவைக்கிறார், இட்லிக்கு மாவும் ஆட்டுகிறார். அடுத்த நாள் எழ முடிவதில்லை, லீவு போடுகிறார். படுத்திருக்கும்போது "இனி நான் எதுக்குமே ஆக மாட்டேன், இந்த உடம்பு வீணாப் போச்சு" என்று ஓடுகிறது. அழுகை வருகிறது. போன் வந்தால் எடுப்பதில்லை. சம்பளம் குறைகிறது, வீட்டில் முணுமுணுப்பு கிளம்புகிறது, மறுபடி தெம்பு வந்ததும் இன்னும் வெறியோடு வேலை செய்கிறார். சுற்று அப்படியே தொடர்கிறது.

உளவியலாளர் இவரிடம் முதலில் ஒரு நோட்டு போடச் சொல்வார். ஒரு நாளை மணி மணியாகப் பிரித்து, அந்த மணியில் என்ன செய்தார், தெம்பு பத்துக்கு எவ்வளவு, மனசு பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். ஒரு வாரம் எழுதினாலே அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு அளவு வைப்பார்கள்: தெம்பான நாளிலும் இவ்வளவுக்கு மேல் இல்லை, சோர்ந்த நாளிலும் இதற்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை தெம்பாக இருந்தாலும் துணி பாதிதான். வெள்ளிக்கிழமை முடியவில்லை என்றாலும் பொழுதோட பத்து நிமிடம் தெருக் கோடி வரை நடந்துவிட்டு வர வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியும். செய்வது கஷ்டம், ஏனென்றால் தெம்பான நாளில் பாதித் துணியை அப்படியே வைத்துவிட்டு உட்காருவதற்கு நம் பெண்களுக்கு யாரும் பழக்கி விடவில்லை, உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சி வந்துவிடும். அந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றித்தான் அடுத்த வாரப் பேச்சு.

"எதுக்குமே ஆக மாட்டேன்" என்ற எண்ணத்தையும் எடுத்து மேஜை மேல் வைப்பார்கள். அது பொய் என்று உளவியலாளர் வாதாட மாட்டார். அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கமும் எழுத வைப்பார். மூன்று நாள் லீவு போட்டது உண்மை, எழுது. அதே மாதத்தில் பையனின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனது, தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது, அதையும் எழுது. கடைசியில் "என்னால் முன்பு போல் முடிவதில்லை, சில நாள் ரொம்பவே முடிவதில்லை, ஆனாலும் முக்கியமானதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்" என்று வந்து நிற்கும். பார்க்கப் பெரிய மாற்றமாகத் தெரியாது. ஆனால் முதல் வாக்கியத்தோடு படுத்துக்கொள்ளத்தான் முடியும், இரண்டாவது வாக்கியத்தோடு எழுந்து போனை எடுக்க முடியும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களின் பிரச்சினை வேறு. கிரேவ்ஸ் நோய்க்கு கார்பிமசோல் மாதிரியான மாத்திரையை ஒன்று, ஒன்றரை வருடம் கொடுப்பார்கள். அளவு சரியாகிவிட்ட பின்பும், முன்பு பட்ட படபடப்பின் பயம் போகாது. மாடிப்படி ஏறி நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலும் "மறுபடி வந்துருச்சு" என்று திகில் பிடித்துக்கொள்ளும், திகிலில் இன்னும் வேகமாக அடிக்கும். இங்கே உளவியலாளர் செய்வது, மருத்துவரின் சம்மதத்தோடு, அந்தப் பெண்ணையே வேண்டுமென்று படியேற வைத்து, நாடித்துடிப்பை எண்ண வைத்து, உட்கார வைத்து, அது தானாகவே இறங்குவதைப் பார்க்க வைப்பது. பல முறை பார்த்த பிறகு நெஞ்சுத்துடிப்பு பயமுறுத்துவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல் ஓடினால் அதைப் பயம் என்று முடிவு கட்டிவிடாமல் டாக்டரிடம் போய் அளவு பாருங்கள்.

மாற்ற முடியாத விஷயத்துக்கு என்ன வழி என்று கேட்கலாம். ஆயுசுக்கும் மாத்திரை என்பது மாறப்போவதில்லை, தழும்பு மறையப்போவதில்லை. அதற்கு ஏற்பு சார்ந்த ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. நோய் போன பிறகு வாழலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதை விட்டு, நோய் இருக்கும்போதே எனக்கு எது முக்கியம், பிள்ளையா, படிப்பா, தையலா, சாமி காரியமா, அதை நோக்கி இன்றைக்கு ஒரு சின்ன அடி என்று நகர்த்துவது. 1979-ல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த கவனநிலைப் பயிற்சியும் இதோடு சேர்ந்து வரும், மூச்சையும் உடம்பையும் கவனித்து உட்காரும் பயிற்சி. இது சிலருக்கு நன்றாகப் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

மாத்திரையும் சோறும் வீட்டு ஆட்களும்

வெளியே தெரியாத ஒரு பெரிய பயன் இருக்கிறது. மனசு சோர்ந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "எத்தன நாளைக்குத்தான் இதைத் திங்கறது" என்ற கோபத்திலேயே பல பேர் நிறுத்திவிடுகிறார்கள், இங்கிலீஷ் மருந்து சூடு என்று யாராவது சொன்னால் அதுவும் ஒரு காரணமாகிவிடுகிறது. அளவு மறுபடி கெட்டுப்போகிறது, மனசு இன்னும் சோர்கிறது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டிய மாத்திரை இது. காப்பியும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். எழுந்ததும் முதல் வேலை காப்பி என்று இருக்கும் நம் வீடுகளில் இது லேசான காரியமில்லை. மாத்திரை டப்பாவைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைப்பதில் ஆரம்பித்து, அந்தக் கோபத்தை எடுத்துப் பேசுவது வரைக்கும் சிகிச்சையில் இடம் உண்டு.

சோறு விஷயம் அடுத்தது. தைராய்டு என்றதும் முட்டைக்கோஸ் வேண்டாம், காலிஃப்ளவர் வேண்டாம், மரவள்ளிக்கிழங்கு ஆகவே ஆகாது என்று ஒரு பட்டியல் வந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி விளைவித்தே பிழைக்கிற குடும்பத்துப் பெண்ணுக்குத் தன் தோட்டத்துக் கிழங்கைத் தொடப் பயம். அயோடின் குறைவாக இருக்கும் இடத்தில், இந்தக் கிழங்கையே முக்கிய ஆகாரமாகச் சாப்பிட்டால் பிரச்சினை வரலாம் என்பது உண்மை. அயோடின் உப்பு போட்டுச் சமைக்கும் வீட்டில், நன்றாக வேகவைத்து எப்போதாவது சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு தட்டையும் பயந்து பார்க்கும் அளவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயத்தையும் சிகிச்சையில் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

வீட்டு ஆட்களை ஒரு முறையாவது கூட அழைத்துப் போக முடிந்தால் நல்லது. கணவரும் மாமியாரும் உட்கார்ந்திருக்க, வெளி ஆள் ஒருவர் "இது சோம்பேறித்தனம் இல்லைங்க, இந்த நோயில் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும்போது அதன் எடையே வேறு. நான் பார்த்தவரைக்கும் நம் பக்கத்து மாமியார்கள் புரிந்துகொண்டுவிட்டால் மருமகளுக்காகப் பேச முதலில் நிற்பவர்களும் அவர்களேதான். கணவர்மாருக்கு ஒன்று: மனைவியின் வேலையை நீங்கள் செய்துகொடுப்பதைவிட, "இன்னைக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு, சொல்லும் பதிலைக் குறுக்கே பேசாமல் கேட்பது முதலில் வேண்டும். அப்புறம் வேலையும் செய்யுங்கள். இன்னொன்று, நோய் வந்ததற்கு "நீ எப்பப் பாத்தாலும் வெசனப்படறதாலதான்" என்று பழி போடாதீர்கள். கவலைப்பட்டதால் வந்தது என்று யாரையும் குற்றவாளி ஆக்கும் அளவுக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

எது நடக்காது

பேச்சுச் சிகிச்சையால் டி.எஸ்.எச். குறையாது, கட்டி கரையாது, மாத்திரையை நிறுத்த முடியாது. நிறுத்தலாம் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டு நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த சிகிச்சை ஆய்வுகளும் குறைவுதான். ஆனால் நாள்பட்ட உடல்நோயோடு வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்த முறைகள் உதவுவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-ல் நாள்பட்ட உடல்நோயோடு வரும் மனச்சோர்வுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டு அதில் சி.பி.டி.யைப் பரிந்துரைத்தது. அதனால் "தைராய்டுக்கான மனநல சிகிச்சை" என்று தனிப் பொட்டலமாக விற்பவர்களைத் தேட வேண்டாம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஒழுங்காகச் சிகிச்சை தருபவர் உங்கள் தைராய்டையும் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

சிலருக்குப் பேச்சோடு மனச்சோர்வு மாத்திரையும் தேவைப்படும். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாம், ஆனால் இரண்டு டாக்டருக்கும் இரண்டு மாத்திரையும் தெரிந்திருக்க வேண்டும். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் சிலருக்குத் தைராய்டு டோஸைக் கூட்ட வேண்டி வரும். லித்தியம் என்ற மருந்து தைராய்டையே குறைத்துவிடக் கூடியது, அதைச் சாப்பிடுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தைராய்டு பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சுச் சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் வைத்திருப்பார். அந்த எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். ஏனென்றால் சின்னதாக ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நல்லவர்கள் உண்டு, ஆனால் நோயோடு வந்த மனச்சோர்வுக்கு முறையாகப் படித்தவர்தான் வேண்டும்.

காசு இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர் என்று நம் பகுதியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. புற நோயாளிச் சீட்டு வாங்கி மனநலப் பிரிவு என்று கேட்டால் போதும். மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் நம் ஊர்களில் நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாராபுரத்துக்காரர் ஈரோட்டுக்கும், கோபிக்காரர் கோவைக்கும் போய்ப் பார்த்துக்கொள்வதில் தப்பே இல்லை. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

முதல் முறை போகும்போது கடைசி இரண்டு மூன்று தைராய்டு ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, ஒரு வாரத் தூக்கக் கணக்கு, இவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சேருங்கள், அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடும் என்பதால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தனியார் இடம் என்றால் ஒரு சந்திப்புக்கு எவ்வளவு, ஏறக்குறைய எத்தனை முறை வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். நாலைந்து முறை போன பின்பும் ஒன்றும் நகரவில்லை, அல்லது அவரிடம் மனசு விட்டுப் பேச வரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம், நல்ல உளவியலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், முறையை மாற்றுவார் அல்லது வேறொருவரிடம் அனுப்பி வைப்பார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமலேயே நாளைத் தள்ளுபவர்கள் இப்படிச் சொன்னால் போதும்: "எனக்குத் தைராய்டு இருக்குதுங்க, அளவு இப்ப சரியா இருக்குது, ஆனா மனசு சரியாவே இல்லைங்க." மிச்சத்தை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.